300 மைல் என்று எழுதியிருக்கிறதே!

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்)

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பொங்கல் விடுமுறைக்கு முந்திய வாரம். அப்பொழுது நாங்கள் மேல்நிலை முதலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தோம். காலை மணி அடிப்பதற்கு முன் எங்கள் தோழி ஒருத்தி வாடிய முகத்துடன் வந்தாள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் அவளுடைய மாமா, முந்தின நாள் இரவு அவள் வீட்டுக்குப் பேசினாராம். பேசியதில் பாதி கோபம், பாதி வருத்தம்.

அவர் புதிதாக ஒரு மின்சாரப் பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் சரக்குப் போடத் திறந்த தொட்டி. நம் தெருக்களில் நாம் 'குட்டி யானை' என்று அழைக்கிறோமே, அதன் வேலையைச் செய்யும் வண்டிதான். ஆனால் உருவத்தில் மெய்யாகவே யானை. ஒரு முறை முழுவதும் மின்னேற்றினால் 300 மைல் ஓடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. மாமா ஒரு மூடிய டிரெய்லரைப் பின்னால் பூட்டி, அதில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு டெட்ராய்ட்டிலிருந்து கிராண்ட் ராப்பிட்ஸுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 158 மைல். பாதி மின்சாரம் போதும் என்பது அவர் கணக்கு. வெளியே உறைபனி, பூச்சியத்துக்குக் கீழே 7 டிகிரி.

முதல் 20 மைல் ஓடுவதற்குள் முகப்புப் பலகையிலிருந்த எண் 70 குறைந்துவிட்டது. லான்சிங் நகருக்குச் சற்று முன்னால், 80 மைல் கடந்த இடத்தில், ஒரு மின்னேற்று நிலையத்துக்குள் அவர் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார். அங்கே டிரெய்லருடன் நிற்க இடமில்லை. கொட்டும் பனியில் டிரெய்லரைக் கழற்றி ஓர் ஓரமாக விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்களாம். பையன் குளிரில் அழுதானாம்.

"ஏமாத்திட்டாங்கம்மா. வந்த விலைக்கு வித்துடலாம்னு இருக்கேன்" என்று அவர் தம் அக்காவிடம், அதாவது எங்கள் தோழியின் தாயாரிடம், சொல்லியிருக்கிறார்.

இதை எங்கள் இயற்பியல் ஆசிரியை அவர்களிடம் சொன்னோம். அவர்கள் சற்று யோசித்துவிட்டு, "ஏமாற்றினார்களா, இல்லை அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லையா? விசையும் வேலையும் பற்றித்தானே போன மாதம் படித்தீர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் விற்கட்டும்" என்றார்கள். அப்படித் தொடங்கிய வேலைதான் இக்கட்டுரை.

முதலில் அந்த 300 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஒவ்வொரு காரும் எத்தனை மைல் ஓடும் என்பதைக் கணக்கிட, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு முறையை வகுத்திருக்கிறது. வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரங்களைப் பெரிய உருளைகளின்மேல் சுழலவிட்டு, சாலைத் தடையையும் காற்றுத் தடையையும் உருளைகளின் வழியாகக் கொடுக்கிறார்கள். நகரத்துக்கு ஓர் ஓட்டம். அதில் சராசரி வேகம் மணிக்கு 20 மைல்கூட இல்லை. நெடுஞ்சாலைக்கு இன்னோர் ஓட்டம். அதில் சராசரி 48 மைல், உச்ச வேகமே 60 மைல்தான். இரண்டையும் 55க்கு 45 என்ற விகிதத்தில் கலந்து, பெரும்பாலும் அதை 0.7ஆல் பெருக்கி, வருவதை அச்சிடுகிறார்கள். அந்த 0.7 என்பது உலகத்தின் வெயிலுக்கும் குளிருக்கும் அவசரத்துக்கும் சேர்த்துத் தரப்படும் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 300 என்பது பொய்யான எண் அன்று. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலையில் எல்லோரும் 70, 75 மைல் வேகத்தில் போகிறார்கள்; அந்த வேகம் சோதனையின் இந்த இரண்டு ஓட்டங்களிலும் இல்லவே இல்லை. டிரெய்லரும் இல்லை. இதுதான் முதல் செய்தி.

இனி மின்சாரத்தின் கணக்கு. நம் வீட்டு மின் அட்டையில் எழுதுகிற 'யூனிட்' என்பது ஒரு கிலோவாட்-மணி. அது 36 இலட்சம் ஜூல் ஆற்றலுக்குச் சமம். மின் வண்டியின் பாட்டரியையும் இதே யூனிட்டில்தான் அளக்கிறார்கள். ஆகவே பெற்றோர் எவரும் இக்கட்டுரையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

கணக்குக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 லைட்னிங் என்னும் வண்டி. மாமாவின் வண்டியும் ஏறத்தாழ அதே அளவுடையது. தவிர, லைட்னிங்கைப் பற்றிய அளவீடுகள் வெளியே நிறையக் கிடைக்கின்றன. 2022இல் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது. அதன் பெரிய பாட்டரியில் 131 யூனிட் பயன்படுத்தலாம், சிறியதில் 98. பெரிய பாட்டரி வண்டிக்கு, வகையைப் பொறுத்து, 300 முதல் 320 மைல் என்று முகமை மதிப்பிட்டது. வண்டியின் எடை சுமார் 3,000 கிலோ.

ஓடும் வண்டியைத் தடுப்பவை சமதரையில் இரண்டு. ஒன்று, சக்கரம் உருள்வதால் வரும் உராய்வு. இது எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம்: 294 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறாது. மற்றொன்று காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது அதன் இயல்பு. வண்டி காற்றுக்குக் காட்டும் முகத்தின் பரப்பையும் வடிவக் குணகத்தையும் பெருக்கி 1.3 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டோம்.

இங்கே எங்கள் முதல் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். மணிக்கு 70 மைல் என்பதை வினாடிக்கு மீட்டராக மாற்றாமல் 70ஐ அப்படியே சமன்பாட்டில் போட்டுவிட்டோம். வண்டி 63 மைல்தான் ஓடும் என்று விடை வந்தது. மாமா சொன்னது சரி, முழு மோசடி என்று துள்ளினோம். ஆசிரியை அவர்கள் சிவப்பு மையால் அந்த 70ஐ வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.

மணிக்கு 70 மைல் என்பது வினாடிக்கு 31.3 மீட்டர். காற்றுத் தடை 764 நியூட்டன் வருகிறது. உராய்வையும் கூட்டினால் 1,058. ஒரு மைல் என்பது 1,609 மீட்டர். விசையைத் தூரத்தால் பெருக்க, ஒரு மைலுக்கு 17 இலட்சம் ஜூல்; அதாவது 0.47 யூனிட். மோட்டாரிலும் பல்சக்கரங்களிலும் மின்சுற்றிலும் கொஞ்சம் வீணாகுமல்லவா? நூற்றுக்கு 88 பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டால் ஒரு மைலுக்கு 0.54 யூனிட். 131 யூனிட்டை இதனால் வகுத்தால் சுமார் 240 மைல்.

இதே கணக்கை 55 மைல் வேகத்துக்குப் போட்டோம்: சுமார் 335 மைல். 75 மைல் வேகத்துக்கு: 220 மைல். அதே வண்டி, அதே பாட்டரி, அதே சாலை. ஓட்டுகிறவருடைய பாதம் மட்டும் வேறு.

நாங்கள் போட்டது வெறும் காகிதக் கணக்குத்தானே, மெய்யான சாலையில் எப்படியோ என்று எங்களுக்கே ஐயம். 'கார் அண்ட் டிரைவர்' என்ற அமெரிக்க மோட்டார் இதழார் 300 மைல் மதிப்புள்ள லைட்னிங்கை 75 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது 230 மைல் ஓடியிருக்கிறது. ரிவியன் என்னும் நிறுவனத்தின் ஆர்1டி வண்டிக்கு முகமையின் மதிப்பு 314 மைல். அதே ஓட்டத்தில் அது தந்தது 220. எங்கள் 220க்கும் அவர்களுடைய 230க்கும் உள்ள நெருக்கத்தைக் கண்டு வகுப்பே கைதட்டியது. ஆசிரியை அவர்கள் கைதட்டவில்லை. "டிரெய்லர் எங்கே?" என்றார்கள்.

டிரெய்லர்தான் கதையின் வில்லன். அதே இதழார் 2022இல் 6,100 பவுண்டு, அதாவது சுமார் 2,770 கிலோ எடையுள்ள ஒரு வீட்டு டிரெய்லரை மூன்று மின் பிக்கப்புகளின் பின்னால் பூட்டி, 70 மைல் வேகத்தில் ஓட்டினார்கள். லைட்னிங் 100 மைல், ரிவியன் 110 மைல், இராட்சதப் பாட்டரி கொண்ட ஹம்மர் 140 மைல். மூன்றும் தம் பெயர்ப்பலகை எண்ணில் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஏன் இப்படி? எடை கூடியதால் என்று நம்மில் பலர் சொல்வோம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். கணக்கு வேறு சொல்கிறது. 2,770 கிலோ கூடுவதால் உராய்வு 294 நியூட்டனிலிருந்து 565க்குப் போகிறது. கூடுதல் 271 மட்டுமே. ஆனால் உயரமான பெட்டி போன்ற டிரெய்லர் காற்றுக்கு நேரே ஒரு சுவரைப் போல நிற்கிறது. வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்துக் காற்றுக்குக் காட்டும் அளவை 3.5 சதுர மீட்டர் என்று எடுத்தால், காற்றுத் தடை மட்டும் 764லிருந்து 2,058 நியூட்டனுக்கு ஏறுகிறது. ஒரு மைலுக்கு 1.33 யூனிட், மொத்தம் 98 மைல். சாமான் நிறைந்த டிரெய்லரைவிட அந்த டிரெய்லரின் உயரமே மாமாவுக்குப் பகையாயிற்று. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் பெட்டியை இழுத்திருந்தாலும் பெரிய இலாபம் கிடைத்திருக்காது.

எடை பொருட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தார் 2023இல் ஒரு லைட்னிங்கின் தொட்டியில் 1,400 பவுண்டு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினார்கள். மூட்டையில்லாமல் 278 மைல் ஓடிய வண்டி மூட்டைகளுடன் 210 மைல்தான் ஓடிற்று, நூற்றுக்கு 24.5 குறைவு. எங்கள் கணக்கின்படி இந்தச் சுமைக்கு நூற்றுக்கு 6 மட்டுமே குறைய வேண்டும். எங்கள் கணக்கு சமதரைக்கும் மாறாத வேகத்துக்கும் உரியது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும், மேடு ஏறும் ஒவ்வொரு முறையும், எடை தன் வரியை வசூலிக்கிறது. 3,000 கிலோ வண்டியைப் பூச்சியத்திலிருந்து 70 மைல் வேகத்துக்குக் கொண்டுவர 0.41 யூனிட் இயக்க ஆற்றல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் ஒரு பங்கைப் பாட்டரிக்குத் திருப்பித் தருவது மின் வண்டியின் சிறப்பு. ஒரு பங்குதான், முழுவதும் அன்று.

மேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,609 மீட்டர் உயரத்தில், சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைல் தூரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கப்பாதையின் உயரம் சுமார் 3,400 மீட்டர். வண்டியும் டிரெய்லருமாக 5,700 கிலோவை 1,790 மீட்டர் தூக்குவதற்கே 28 யூனிட் நிலை ஆற்றல் தேவை. மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 31க்கும் மேல். காற்றும் உராய்வும் அதற்குமேல் தனி. பெரிய பாட்டரியில் கால் பங்கு மலைக்கே காணிக்கை. மறுபக்கம் இறங்கும்போது ஒரு பங்கு திரும்பி வரும் என்பது ஆறுதல்.

மிச்சிகனில் மலை இல்லை, குளிர் உண்டு. குளிர் இரண்டு வழியில் கொள்ளையடிக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 20 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 7 டிகிரியில் காற்றின் அடர்த்தி நூற்றுக்குப் பத்து கூடுதல். ஆகவே தடையும் அவ்வளவு கூடுதல். அடுத்து, வண்டிக்குள் இருப்பவர்களுக்கு வெப்பம் வேண்டும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் எப்படியும் வீணாக்கும் வெப்பத்தையே உள்ளே திருப்பிவிடுகிறார்கள்; செலவில்லை. மின் வண்டியில் வீணாகும் வெப்பம் குறைவு என்பதால், அதன் சிக்கனமே குளிர்காலத்தில் அதற்குக் குறையாகிவிடுகிறது! பாட்டரியிலிருந்து எடுத்துத்தான் சூடேற்ற வேண்டும்.

சூடேற்றி 4 கிலோவாட் எடுப்பதாக வைத்துக்கொண்டோம். அது மணிக்கணக்கில் எடுக்கிறது, மைல் கணக்கில் அன்று. 70 மைல் வேகத்தில் போனால் ஒரு மைலுக்கு 0.06 யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் நகர நெரிசலில் 25 மைல் வேகத்தில் ஊர்ந்தால் ஒரு மைலுக்கு 0.16 யூனிட். அந்த வேகத்தில் வண்டி ஓடுவதற்கே 0.2 யூனிட்தான் ஆகும். குளிர்காலத்தில் நகருக்குள் குறுந்தூரம் ஓட்டுகிறவர்களே அதிகம் புலம்புவதன் காரணம் இதுதான். மேற்சொன்ன மோட்டார் சங்கத்தார் 2019இல் ஐந்து மின் கார்களைச் சோதித்தபோது, மைனஸ் 7 டிகிரியில் சூடேற்றியுடன் ஓடும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 41 குறைந்தது; சூடேற்றி இல்லாமல் 12 மட்டுமே. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் 'வெப்ப எக்கி' இருந்தால் இந்தச் செலவு குறையும். 2024ஆம் ஆண்டு வகையிலிருந்து லைட்னிங்கில் அதைச் சேர்த்தார்கள்.

இப்பொழுது மாமாவின் பயணத்துக்கு முழுக் கணக்கு: 70 மைல் வேகம், உயர்ந்த டிரெய்லர், அடர்ந்த குளிர்காற்று, சூடேற்றி. ஒரு மைலுக்கு 1.49 யூனிட். 131 யூனிட்டில் 88 மைல்.

அவர் 80 மைல் கடந்த இடத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார் என்று சொன்னோமே! விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் பார்த்திராத ஒரு சாலையில், பார்த்திராத பனியில், ஒரு சின்னப் பையன் அழுத இடத்தை எங்கள் சுண்ணக்கட்டி தொட்டுவிட்டது போலிருந்தது.

பெட்ரோல் பிக்கப்புக்கு இந்தத் துன்பம் இல்லையா? உண்டு. அதுவும் டிரெய்லர் இழுத்தால் ஏறக்குறைய இரு மடங்கு எண்ணெய் குடிக்கும். ஆனால் ஒரு வேறுபாடு. அமெரிக்க காலன் ஒன்றில், அதாவது சுமார் 3.8 லிட்டர் பெட்ரோலில், 33.7 யூனிட் ஆற்றல் இருப்பதாக முகமை கணக்கிடுகிறது. லைட்னிங்கின் 131 யூனிட் எவ்வளவு பெட்ரோலுக்குச் சமம்? நாலு காலனுக்கும் சற்றுக் குறைவு; ஏறத்தாழ 15 லிட்டர்! ஒரு சிறிய காரின் தொட்டிகூட இதைவிடப் பெரியது. பெட்ரோலில் ஓடும் எஃப்-150க்கு 36 காலன் தொட்டிகூட உண்டு. அத்தனை சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு மின் வண்டி 300 மைல் ஓடுகிறது என்றால், அது எவ்வளவு கெட்டிக்காரச் சிக்கனக்காரி! காலனுக்கு 20 மைல் தரும் பெட்ரோல் பிக்கப் அதே 131 யூனிட்டில் 78 மைல்தான் போகும். ஆகவே மின் பிக்கப் ஊதாரி அன்று. சிறிய பணப்பையோடு சந்தைக்கு வந்த சிக்கனக்காரி. பெரிய செலவு வரும்போது பை சீக்கிரம் காலியாகிறது, நிரப்பவும் நேரமாகிறது. பெட்ரோல்காரர் ஊதாரி, ஆனால் பை பெரியது, ஐந்து நிமிடத்தில் நிரம்பும்.

அப்படியானால் பையைப் பெரிதாக்கலாமே என்று ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணியது. ஷெவர்லே சில்வராடோ மின் பிக்கப்பில் 200 யூனிட்டுக்கும் மேற்பட்ட பாட்டரியை வைத்தார்கள். 2024 வகையில் 450 மைல், 2025இல் 492 மைல் வரை மதிப்புப் பெற்றது. அவர்களுடைய பொறியாளர்கள் 2025இல் அந்த வண்டியை டெட்ராய்ட் பக்கத்துச் சாலைகளில் முறை வைத்து ஓட்டி, ஒரே மின்னேற்றத்தில் 1,059.2 மைல் சென்றார்கள். எப்படி? கோடைக்காலம், குளிரூட்டியை நிறுத்திவிட்டார்கள், மாற்றுச் சக்கரத்தை இறக்கி வைத்தார்கள், டயர்களில் காற்றை உச்ச அளவுக்கு ஏற்றினார்கள், தொட்டியை மூடினார்கள், கண்ணாடி துடைப்பான்களைக்கூடத் தாழ்த்தினார்கள். வேகம் மணிக்கு 20 முதல் 25 மைல். ஒரு யூனிட்டுக்கு 4.9 மைல். எல்லாம் சரி, அந்த வேகத்தில் அமெரிக்காவில் யார் ஓட்டுவார்கள்? சைக்கிளில் பள்ளிக்கு வரும் எங்களில் சிலருக்கு மட்டும் அந்தப் பொறியாளர்கள்மேல் தனிப் பற்று ஏற்பட்டது.

பெரிய பாட்டரிக்கு விலை வேறு விதத்திலும் உண்டு. ஹம்மர் மின் பிக்கப்பின் எடை 9,000 பவுண்டுக்கும் மேல். அதில் பாட்டரி மட்டும் சுமார் 2,900 பவுண்டு. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி அம்மையார் 2023 ஜனவரியில், அந்தப் பாட்டரியே ஒரு ஹோண்டா சிவிக் கார் எடை இருக்கிறது என்று சுட்டிக்காட்டி, இப்படிப்பட்ட கனமான வண்டிகள் மோதினால் மற்றவர் உயிருக்கு என்னாகும் என்று கவலை தெரிவித்தார். அதை வாசித்த பிறகு, பையைப் பெரிதாக்குவதே வழி என்று வாதாடிய எங்கள் குழுவின் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

வணிகமும் கணக்குக்குக் கட்டுப்பட்டதே. டெஸ்லா நிறுவனத்தார் 2019இல் சைபர்டிரக்கை அறிமுகம் செய்தபோது 500 மைலுக்கும் மேல் ஓடும் வகை வரும் என்றார்கள். 2023 நவம்பர் இறுதியில் வண்டி வந்தபோது எண் 340. மின் வண்டி வாங்குவோருக்கு அமெரிக்க அரசு தந்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பரோடு முடிந்தது. அதே மாதம் ராம் நிறுவனம் தன் முழு மின் பிக்கப் திட்டத்தைக் கைவிட்டது. 2025 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனமும் முழு மின் லைட்னிங் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்து வருவது, பாட்டரி தீரும்போது மின்னாக்கி ஒன்றைப் பெட்ரோலால் ஓட்டி மின்னேற்றிக்கொள்ளும் கலப்பு வகையாம். எங்கள் கணக்கில் டிரெய்லர் செய்த சேட்டை, பெரிய பெரிய நிறுவனங்களின் கணக்கிலும் செய்திருக்கிறது.

லைட்னிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. புயலில் மின்சாரம் போனால் அந்த வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம். ஓர் அமெரிக்க வீடு நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 30 யூனிட். 131 யூனிட் இருந்தால் மூன்று நாளுக்கு மேல் விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் இயங்கும். நின்றுகொண்டே பயன் தரும் வண்டி!

மாமாவின் கேள்விக்கு வருவோம். விற்கலாமா, வேண்டாமா?

அவர் அன்றாடம் எத்தனை மைல் ஓட்டுகிறார் என்று தோழி மூலம் கேட்டோம். வேலை நடக்கும் இடங்களுக்குப் போய்வர 40, 50 மைல். இரவில் வீட்டிலேயே மின்னேற்றுகிறார். டிரெய்லருடன் நெடும்பயணம் ஆண்டுக்கு ஐந்தாறு முறை. அன்றாட ஓட்டத்துக்கு எவ்வளவு குளிரானாலும் பாட்டரியில் பாதிகூடச் செலவாகாது. ஆகவே தொல்லை அந்த ஐந்தாறு நாளில் மட்டுமே.

அந்த நாட்களுக்காக ஒரு கணக்குப் போட்டோம். அதே குளிர், அதே டிரெய்லர். வேகம் மட்டும் 70க்குப் பதில் 60. ஒரு மைலுக்கு 1.49க்குப் பதில் 1.20 யூனிட். ஓடும் தூரம் 88லிருந்து 109 மைல். லான்சிங் 90 மைல். அங்கே வண்டி நிற்கும்போது 23 யூனிட் கையிருப்பு இருக்கும், பயமில்லை. விரைவு மின்னேற்றியில் 69 யூனிட் ஏற்றினால் கிராண்ட் ராப்பிட்ஸ் போய்ச் சேர்ந்து 10 யூனிட் மிஞ்சும். மணிக்கு 100 யூனிட் ஏறும் என்று கொண்டால் 41 நிமிடங்கள். ஓட்டும் நேரம் 158 நிமிடங்கள். ஆக 3 மணி 19 நிமிடங்கள். 70 மைல் வேகத்தில் போனாலோ ஓட்டுவது 135 நிமிடங்கள்தான். ஆனால் 114 யூனிட் ஏற்ற வேண்டும். பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியபின் மின்னேற்றம் ஆமை வேகத்தில் நடக்கும் என்பதால் இரண்டு இடங்களில் நிற்க வேண்டும். மொத்தம் 3 மணி 23 நிமிடங்கள். டிரெய்லரை இரண்டு முறை கழற்றிப் பூட்டும் நேரம் தனி.

நான்கு நிமிடம் முந்துவது மெதுவாகப் போகிறவர்தான்! இந்த இடத்தில் நாங்கள் மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தோம். ஆசிரியை அவர்களும் ஒரு முறை சரிபார்த்தார்கள். சிவப்பு மை எங்கும் படவில்லை.

இரண்டு பக்கக் கணக்கையும் படமெடுத்துத் தோழி அனுப்பிவைத்தாள். மாமாவிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "ஏம்மா, 60ல போனா பின்னால வர்ற லாரிக்காரன் என்ன நினைப்பான்?" அதற்கு எங்களிடம் சமன்பாடு எதுவும் இல்லை.

2025 மார்ச் மாதத்தில், தேர்வுக்கு நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு செய்தி வந்தது. அதே சாலை, அதே டிரெய்லர். 60 மைல் வேகம். டிரெய்லரைக் கழற்றாமலே, நம் ஊர்ப் பெட்ரோல் பங்க் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் மின்னேற்று நிலையம் ஒன்றை லான்சிங் பக்கம் அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். கூடவே ஒரு படம். முகப்புப் பலகையில் நூற்றுக்கு 13 மிச்சம் என்று தெரிகிறது. பக்கத்து இருக்கையில் பையன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான்.